புளூபெர்ரிச் செடியும் வேலியோரக் களாவும்

குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் உள்ள பெரிய பழக்கடைகளில், சிறு சிறு பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைத்து, குளிர்ப்பெட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கும் நீலநிறப் பழத்தை அங்கத்தினர்கள் பலரும் கண்டிருப்பார்கள். புளூபெர்ரி என்பது அதன் பெயர். கைப்பிடியளவு பழத்துக்குக் கடைக்காரர் கேட்கும் விலையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு வேண்டிய வாழைப்பழம் வாங்கிவிடலாம். ஆயினும் பிள்ளைகள் அதனைக் கேட்கிறார்கள். மருத்துவக் கட்டுரைகளும் அதனைப் புகழ்கின்றன. ஆதலின், "இதை நம் வீட்டுக் கொல்லையில் வைத்தால் என்ன?" என்ற எண்ணம் எழுவது இயல்பே. அனகாபுத்தூரிலும் பம்மலிலும் குன்றத்தூரிலும் தறி வைத்திருக்கும் அன்பர்கள் சிலரும், முடிச்சூர், வண்டலூர்ப் பக்கத்தில் நிலம் வைத்திருப்போர் சிலரும் இவ்வினாவை என்னிடமே கேட்டதுண்டு. அவர்களுக்குச் சொன்ன விடையை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுவது முறை. சில ஆண்டுகளுக்கு முன் சாலையோரத் தோட்டக் கடை ஒன்றில் புளூபெர்ரிக் கன்று ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். எவ்வித மண்ணிலும் வளரும், தண்ணீர் ஊற்றினாற் போதும் என்று கடைக்காரர் உறுதி கூறினார். மேற்குத் தாம்பரத்தில் என் வீட்டின் பின்புறம், தொழுவுரம் நிறைய இட்டு, கிணற்று நீர் வார்த்து வளர்த்தேன். மார்கழி வரை கன்று நன்றாகவே இருந்தது. தை மாதத்தில் இளந்தளிர்கள் மஞ்சளித்தன. நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. உரம் போதவில்லையென்று கருதி மேலும் உரம் இட்டேன். பங்குனியில் இலை விளிம்புகள் கருகின. சித்திரை முடியுமுன் செடி சுள்ளியாகிவிட்டது. அன்று நான் இட்ட உரமும் வார்த்த நீருமே அச்செடியைக் கொன்றன என்பது பிறகுதான் விளங்கிற்று.

காரணம் யாதெனில், புளூபெர்ரி புளிப்பு மண்ணின் பயிர். மண்ணின் அமிலத் தன்மையை அளக்கும் பி.எச். எண்ணில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நமது கத்தரியும் வெண்டையும் 6 முதல் 7 வரை உள்ள மண்ணில் செழிக்கும். புளூபெர்ரிக்கு வேண்டியதோ 4.5 முதல் 5.5 வரை. இவ்வெண் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 7க்கும் 5க்கும் இடையே உள்ள வேறுபாடு நூறு மடங்கு! தாம்பரம், பல்லாவரம் மேட்டு நிலங்களின் செம்மண்ணைக் காட்டிலும் இங்கே பெரிய இடையூறு நம் நீர்தான். கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் சுண்ணாம்புச் சத்து மிகுதி; பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிவதை வீட்டுப் பெண்கள் நாள்தோறும் காண்கிறார்கள். மண்ணை எவ்வளவு பக்குவம் செய்தாலும், வாளி வாளியாக இந்நீரை வார்க்க வார்க்க, அது மெல்ல மெல்லக் காரத்தின் பக்கம் சாய்கிறது. அத்தகைய மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் இச்செடியால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. தளிர் மஞ்சளிப்பதன் பொருள் இதுவே. மேலும் இதன் வேர்கள் மயிரிழை போன்றவை. ஏனைய செடிகளுக்கு உள்ள வேர்த் தூவிகள் இவற்றுக்கு இல்லை. நுண்ணிய பூஞ்சணம் ஒன்றின் துணைகொண்டே இவை உணவு தேடுகின்றன. தாராளமாக இட்ட தொழுவுரமும் அதிலுள்ள உப்பும் இம்மெல்லிய வேரைச் சுட்டுவிடும்.

இரண்டாவது இடையூறு குளிர். வட அமெரிக்காவின் உயர்புதர் வகைகள், ஆண்டுதோறும் 7 பாகைக்குக் குறைந்த குளிரில் 800 முதல் 1,000 மணி நேரம் உறங்கி எழுந்தாலன்றி ஒழுங்காகப் பூப்பதில்லை. சென்னையில் இதுகாறும் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே ஏறக்குறைய 14 பாகைதான். 2003ஆம் ஆண்டு மே மாதத்திலோ 45 பாகையைத் தொட்டது. எனவே குளிர்நாட்டு வகையை இங்கே நடுவது, ஆற்று மீனை மணலில் விட்டு வளர்ப்பது போலாகும்.

ஆனால் அறிவியலார் சும்மா இருக்கவில்லை. இப்பழத்தின் கதை நம் போன்றோர் அறிந்துகொள்ளத் தக்கது. நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர்வரை புளூபெர்ரி ஒரு காட்டுப் பழமே. தோட்டத்துக்குக் கொணர்ந்து நட்டவர்கள் அனைவரும் என்னைப் போலவே தோற்றார்கள். அமெரிக்க அரசின் தாவரவியலார் பிரெடரிக் கோவில் என்பவர் 1910ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியீட்டில், இச்செடிக்கு அமில மண்ணே உயிர் என்பதை நிலைநாட்டினார். நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒயிட்ஸ்பாக் என்னுமிடத்தில் கிரான்பெர்ரித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பெண்மணி எலிசபெத் ஒயிட், அவ்வெளியீட்டைப் படித்துவிட்டு, 1911இல் தம் நிலத்தையும் உதவியையும் அவருக்கு அளிக்க முன்வந்தார்.

அவர் செய்த காரியம் மிக எளியது; ஆனால் அதுவே வெற்றிக்கு அடிகோலிற்று. அக்காட்டிற் பழம் பறித்துப் பிழைத்த ஏழை மக்களிடம் துளையிட்ட தகடுகளைக் கொடுத்தார். துளையின் அகலம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. அத்துளைக்குள் நுழையாத அளவுக்குப் பெரிய பழம் காய்க்கும் புதரைக் காட்டுவோருக்குப் பணம் தந்தார். புதருக்குக் கண்டவரின் பெயரையே இட்டார். 'ரூபெல்' என்று இன்றும் விளங்கும் வகை அவ்வாறு ஒரு காட்டுவாசி கண்டெடுத்ததே. இப்படித் திரட்டிய புதர்களைக் கோவில் ஒன்றோடொன்று இணைத்துப் புதிய வகைகளை உண்டாக்கினார். 1916இல் முதல் விளைச்சல் சந்தைக்குச் சென்றது. பழம் பெருகியபின் விலை பேசுவதற்குத் தனியொருவரால் இயலாதென்று கண்டு, 1927இல் நியூ ஜெர்சி விவசாயிகள் புளூபெர்ரிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். அதனை அமைப்பதிலும் அவ்வம்மையார் முன்னின்றார். அச்சங்கத்தின் கதையைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம், இங்கே வேண்டாம்.

பிற்காலத்தில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ரால்ப் ஷார்ப் என்பவர், அவ்வெப்ப மாநிலத்திலேயே விளையும் காட்டு இனத்தைக் குளிர்நாட்டு வகையோடு இணைத்து, சிறிது குளிரே போதுமான வகைகளை உருவாக்கலானார். 'ஷார்ப்புளூ' 1976இல் வெளிவந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறை 1998இல் வெளியிட்ட 'பிலாக்சி' என்ற வகை இப்போது வெப்ப நாடுகள் பலவற்றில் பயிராகிறது. பெரு நாட்டின் கடற்கரைப் பாலையில், சொட்டு நீரில் அமிலம் கலந்து இவற்றை வளர்க்கிறார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்நாடு ஏற்றுமதியில் உலகின் முன்னணிக்கு வந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு, "அங்கும் கடற்கரை, இங்கும் கடற்கரை" என்று சிலர் வாதிடுகிறார்கள். அங்கே கரையோரம் குளிர்ந்த கடல் நீரோட்டம் ஓடுகிறது, இரவுகள் இதமானவை. நம் வைகாசி இரவுகளை நாம் அறிவோம்.

இவ்வளவுக்குப் பிறகும், ஒரு செடியேனும் வைத்துப் பார்ப்பேன் என்னும் ஆர்வலர்கள் இருப்பார்கள். அவர்களைத் தடுப்பதற்கில்லை. நிலத்தில் நடாமல் தொட்டியில் நடுக. 40, 50 லிட்டர் கொள்ளும் அகன்ற தொட்டி வேண்டும். உப்புப் போகப் பலமுறை நல்ல நீரில் அலசிய தென்னை நார்க் கழிவு பாதிக்கு மேலும், எஞ்சியது மட்கிய இலையும் பருமணலும் என நிரப்புதல் நன்று. மலைப் பக்கத்து உறவினர் எவரேனும் இருப்பின் பைன் மரத்து ஊசியிலையும் பட்டையும் தருவித்து மேலே மூடாக்கு இடலாம். சாம்பல், சுண்ணாம்பு, எலும்புத் தூள் ஆகியவற்றை அத்தொட்டியின் பக்கமே கொண்டுவரலாகாது. தழைச்சத்துக்கு அம்மோனியம் சல்பேட்டு சிட்டிகையளவு. நைட்ரேட்டு உரங்கள் இதற்கு ஒவ்வா. காலை வெயில் படவேண்டும். பிற்பகல் வெயிலுக்கு மறைப்பு வேண்டும். 'பிலாக்சி' போன்ற தென்னக வகையென்று பெயர் குறித்து விற்பவரிடம் மட்டும் வாங்குக. பெயரின்றி வெறும் "புளூபெர்ரி" என்று விற்கப்படும் கன்றை வாங்குதல் கண்ணைக் கட்டிக்கொண்டு மாடு பிடிப்பதாகும்.

நீருக்கு என்ன செய்வது? மழைநீரே மருந்து. வானிலிருந்து விழும் நீர் இயல்பாகவே சிறிது புளிப்புடையது, அதன் பி.எச். 5.6 அளவில் இருக்கும். 2003 முதல் நம் மாநிலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. குழாய் ஏற்கனவே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் கீழ் மூடியுள்ள பீப்பாய்களை வைத்தாற் போதும். தொட்டி ஒன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் எனக் கொண்டால், மாசி முதல் ஆனி வரை 150 நாளைக்கு 300 லிட்டர் ஆகிறது. 200 லிட்டர்ப் பீப்பாய் இரண்டு இருந்தால் ஒரு செடிக்குக் கோடை கழியும். கொசு புகாமல் துணி கட்டி மூட மறக்கலாகாது.

சாயத் தொழில் அறிந்த அங்கத்தினர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. மண்ணைப் புளிப்பாக்கப் படிகாரம் நல்லது என்று சிலர் சொல்லக் கேட்டு, பட்டறையில் இருக்கும் படிகாரத்தைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். படிகாரத்தில் உள்ள அலுமினியம் புளூபெர்ரி வேருக்கு நஞ்சு. தோட்டத்தில் கந்தகத் தூள் இட்டு ஆறு மாதம் காத்திருப்பது பழைய முறை. தொட்டிக்கு மழைநீரே போதும். நீரின் தன்மையைச் சோதிக்கச் செம்பருத்திப் பூவின் இதழைக் கசக்கிக் காகிதத்தில் தேய்த்து உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். புளித்த நீர் பட்டால் அது செந்நிறங் கொள்ளும். சுண்ணாம்பு நீர் பட்டால் பச்சையாகும். எண் தெரியாதெனினும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும். புளூபெர்ரியின் நீலமும் நாவற்பழத்தின் ஊதாவும் இதே வகைச் சாயப் பொருளே. நூலில் தோய்த்தால் அழகாகப் பற்றுவது போலத் தோன்றி, சலவையிலும் வெயிலிலும் ஓடிவிடும். அதனை நம்பி ஒரு முழம் நூலையும் பாழாக்க வேண்டாம்.

இத்தனையும் செய்தால் என்ன கிடைக்கும்? செடி பிழைக்கும், பூக்கவும் கூடும், கைப்பிடிப் பழம் கிடைக்கலாம். அது ஆசைக்கு உதவும். அடுப்புக்கு உதவாது என்பதே என் கருத்து. நம் நாட்டிலேயே புளூபெர்ரியின் உடன்பிறப்புகள் இல்லாமல் இல்லை. நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் வாக்சினியம் இனத்தைச் சேர்ந்த இரு மரங்கள் இயற்கையாகவே வளர்கின்றன. நம் மாகாணத்துத் தாவரங்களை ஆராய்ந்த மருத்துவர் ராபர்ட் வைட் அவற்றுள் ஒன்றுக்கு நீலகிரியின் பெயரையும், மற்றொன்றுக்குப் பிரெஞ்சுத் தாவரவியலார் லெஷனால்டின் பெயரையும் இட்டார். அவையும் மலைக்குளிரை விட்டு இறங்கி வருவன அல்ல.

தாம்பரத்துக்கென்றே இயற்கை அளித்த புதர்க் கனி வேறு. அது களா.

சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் நகரை விட்டுக் கிழக்குத் தாம்பரத்துக்கு வந்தபோது, அதற்குக் கிடைத்தது சேலையூர்க் காட்டின் ஒரு பகுதியான முட்புதர் நிலம். அக்கல்லூரியின் வேதியியல் ஆசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் அங்குள்ள செடிகொடிகளை ஆராய்ந்து பேணினார். அவ்வளாகத்திலும், நன்மங்கலம், வண்டலூர்க் காப்புக் காடுகளிலும் இன்றும் எஞ்சியிருக்கும் புதர்க்காடே இப்பகுதி முழுவதையும் ஒருகாலத்தில் மூடியிருந்தது. சிறுகளா, சூரை, காரை, காயா, இலந்தை எல்லாம் அதன் குடிகள். மனைகள் பிரிக்கப்பட்டு, புதர்களெல்லாம் இயந்திரத்தால் வழிக்கப்பட்டு, இன்று தாம்பரம் ஒரு மாநகராட்சி. 2021இல் அதனோடு இணைந்த அனகாபுத்தூரிலும் பம்மலிலும் வேலியோரக் களாவை அறியாத பிள்ளைகள் வளர்கிறார்கள். கோடையில் நடைபாதைக் கடையில் கூறு கட்டி வைத்திருக்கும் களாக்காயை, "இது என்ன, செர்ரியா?" என்று கேட்ட சிறுவனை நானே கண்டேன். அவன் கேட்டதிலும் ஓர் உண்மை உண்டு. களாக்காயைச் சாயமேற்றிப் பாகில் ஊறவைத்துச் செர்ரி என்று விற்கும் வாணிகம் நம் நாட்டில் நெடுநாளாக நடக்கிறது!

வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது பெருங்களா. அமிலமோ காரமோ, பி.எச். 5 முதல் 8 வரை எதையும் பொறுக்கும். உவர் நீரையும் ஓரளவு தாங்கும். நட்டு இரண்டாண்டு கடந்தபின் கோடையில் நீர் வாராவிட்டாலும் சாகாது. மாசி, பங்குனியில் மல்லிகை போன்ற வெண்பூ மணம் வீசும். சித்திரை, வைகாசியில் ஊறுகாய்க்கான காய். ஆனி, ஆடியில் கறுத்த பழம். விதைக் கன்று மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். நன்கு வளர்ந்த புதர் ஒன்று 4, 5 கிலோ கொடுக்கும். இரட்டை முள் கொண்டதாகையால், மூன்றடிக்கு ஒன்றாக வேலியோரம் நட்டுக் கவாத்துச் செய்தால், ஆடு மாடு மட்டுமன்றித் திருடனும் நுழைய அஞ்சுவான். கம்பி வேலிக்குச் செலவிடும் பணம் மிச்சம். காய்க்காகவே வளர்ப்பதாயின் பத்தடி இடைவெளி விடுதல் நலம். வேலியாக நெருக்கி வெட்டப்படும் புதர் அவ்வளவு காய்க்காது. இவ்விரண்டையும் ஒரே புதரிடம் எதிர்பார்த்து ஏமாறுவோர் பலர்.

ஒன்றை மட்டும் களா பொறுக்காது. அது தேங்கும் நீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பகுதி பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடையாற்றங்கரையை ஒட்டிய அனகாபுத்தூர்த் தோட்டங்களுக்கும் அந்த அச்சம் உண்டு. அத்தகைய தாழ்ந்த நிலத்தில் ஒன்றரை அடி உயரம் மேடு கட்டி அதன் மேல் நடவேண்டும். குழி ஒன்றரை அடிச் சதுரம். பத்துக் கிலோ மட்கிய எரு. ஆடியிலோ புரட்டாசியிலோ நடவு. அவ்வளவே.

விதை பழத்திலிருந்து எடுத்த சில நாட்களுக்குள் ஊன்றப்பட வேண்டும்; காயவைத்துப் பெட்டியில் பூட்டிய விதை முளைப்பது அரிது. ஆனால் விதைக் கன்றுகள் தாயைப் போலவே காய்க்குமென்று சொல்வதற்கில்லை. பந்த்நகர் பல்கலைக்கழகத்தின் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா, கொங்கண் பகுதியின் கொங்கண் போல்டு முதலிய தேர்ந்த வகைகள் உண்டு. அவை அனைத்தும் வெளியூர்ப் புதர்களிலிருந்து தேர்ந்தவை. நம் செங்கற்பட்டு மண்ணின் களாவை யார் தேர்ந்தார்கள்? எலிசபெத் ஒயிட் அம்மையாரின் துளையிட்ட தகடு இங்கேதான் நினைவுக்கு வருகிறது. நம் அங்கத்தினர் பட்டா நிலங்களிலும், பழைய கொல்லைகளிலும், கோயில் நந்தவனங்களிலும் எஞ்சியுள்ள புதர்களுள் எதன் காய் பெரிது, எது ஆண்டு தவறாமல் காய்க்கிறது, எதில் பால் குறைவு என்பதை அவ்வவ்வூர்ப் பாட்டிமார் அறிவார்கள். முக்கால் அங்குலத் துளையிட்ட ஒரு தகரத் துண்டு போதும். அத்துளையில் நுழையாத காய் காய்க்கும் புதரைக் கண்டால், உரியவரின் அனுமதியோடு மழைக்காலத்தில் விண்பதியமிட்டு நாலைந்து கன்று எடுக்கலாம். காப்புக் காட்டுக்குள் மட்டும் போகலாகாது. அங்கே இலையைக் கிள்ளுவதும் சட்டப்படி குற்றம். மனை போடும் இயந்திரம் வந்து நின்ற பிறகு இவ்வேலையைத் தொடங்கிப் பயனில்லை. பெருங்களத்தூர்ப் பக்கம் நான் குறித்து வைத்திருந்த புதர் ஒன்று, மறுவாரம் போனபோது அடித்தளக் குழியாகிக் கிடந்தது.

நெசவாளர் வீடுகளுக்குக் காயாவையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. திருமாலின் நிறத்துக்கு உவமையாக நம் முன்னோர் கூறிய நீலப்பூ இதனுடையதே. பழம் முதிர்ந்து கருநீலமாகும். துவர்ப்பும் இனிப்புமாகப் பிள்ளைகள் தின்பார்கள். தோற்றத்தில் புளூபெர்ரிக்கு நம் ஊரில் மிக அணுக்கமானது அதுவே என்பேன். வியப்பு என்னவெனில், புளூபெர்ரியைக் கொல்லும் அலுமினியத்தை இச்செடி தன் இலையிலேயே திரட்டி வைத்துக்கொள்கிறது. ஆதலின்தான் சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள் சாயவேரோடு காயா இலையையும் சேர்த்துத் தோய்த்தார்கள். இலையே படிகாரத்தின் வேலையை ஓரளவு செய்தது. அனகாபுத்தூரிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீப்' துணி சென்ற காலம் போய்விட்டது. ஆயினும் வாழைநாரிலும் இயற்கைச் சாயத்திலும் அங்கே மீண்டும் தறி ஓடுகிறது. அத்தகைய பட்டறையின் பின்புறத்தில் இரண்டு காயாச் செடி நிற்பது தகும். மிக மெதுவாக வளரும், பொறுமையில்லாதவர் நடவேண்டாம்.

களாக்காய் பறிக்கும்போது முழுக்கைச் சட்டை அணிந்து, புதரின் கீழே பழஞ்சாக்கு விரித்து, முதிர்ந்த காயை மட்டும் பறிக்க. காம்பிலிருந்து வடியும் பால் துணியிற் பட்டால் கறையாகும். பாவில் பட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே பறித்த கையோடு தறியில் உட்காரலாகாது. காயை உப்பு நீரில் ஒரு நாழிகை ஊறவைத்துக் கழுவினால் பால் நீங்கும். பிளந்து விதை நீக்கி, உப்பும் மஞ்சளும் இட்டு மூன்று நாள் குலுக்கி வைத்து, பிறகு மிளகாய்த் தூளும் காய்ச்சிய நல்லெண்ணெயும் சேர்க்க வேண்டும். பழுக்கத் தொடங்கிய காயில் கூழாக உறையும் சத்து மிகுதி. சர்க்கரையோடு காய்ச்சினால் வேறெதுவும் சேர்க்காமலே செம்பாகாக உறைந்துவிடும். பெட்டிப் பழம் கேட்ட பிள்ளைகளுக்கு அதனை ரொட்டியில் தடவிக் கொடுத்துப் பார்த்தேன். பெயர் என்னவென்று கேட்டார்கள், சொன்னேன். புட்டி நான்கு நாளில் காலியாயிற்று. இவ்வாண்டு ஆடி மாதத்தில் எடுத்த விதையிலிருந்து முப்பது கன்றுகள் பைகளில் நிற்கின்றன. தகரத் துண்டோடு வந்து தம் ஊர்ப் புதரைப் பற்றிச் சொல்வோருக்கு முதலில் தரலாமென்றிருக்கிறேன்.